வெள்ளையாக விடப்பட்ட ஆப்பிரிக்கா: இல்லாத ஒரு மலையின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு மலையைப் பத்திப் பேசப் போறோம்.

மேற்கு ஆப்பிரிக்காவில், கடற்கரையில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மேற்கிலிருந்து கிழக்காக நீண்டு போகும் ஒரு பெரிய மலைத்தொடர். பேர் கோங் மலைகள். 1798-ல் லண்டனில் தயாரான ஒரு வரைபடத்தில் இந்த மலை முதன்முதலாக வந்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய 90 வருடம், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அச்சான ஆப்பிரிக்க வரைபடங்களில் திரும்பத் திரும்ப வந்தது. பள்ளிக்கூட அட்லஸில் இருந்தது. பசங்க அதை மனப்பாடம் பண்ணியிருப்பாங்க.

ஒரே ஒரு சிக்கல்தான். அப்படி ஒரு மலைத்தொடரே கிடையாது.

இதை யாரும் மோசடி பண்ணி வரையவில்லை. வரைந்தவர் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த புவியியலாளர்களில் ஒருவர். சரி, அப்போ எப்படி வந்தது? அதைச் சொல்லணும்னா 50 வருடம் பின்னாடி போய், பாரிஸில் இருந்த இன்னொரு மனிதரில் இருந்து ஆரம்பிக்கணும். அவர் செய்தது இதற்கு நேர் எதிரான வேலை. தெரியாத இடத்தை அப்படியே காலியாக விட்டார்.

யானை வரைந்து நிரப்பிய காலம்

16, 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வரைபடங்களைப் பாத்திருக்கீங்களா? பார்க்க அவ்வளவு அழகா இருக்கும். கடலில் கப்பல், திமிங்கிலம், ஓரத்தில் அலங்காரம். ஆப்பிரிக்காவை எடுத்துக்கிட்டா கரையோரம் முழுக்க ஊர்ப் பேர்கள் நெருக்கமாக இருக்கும். போர்ச்சுகீசிய மாலுமிகள் 15-ஆம் நூற்றாண்டிலிருந்து கரையை ஒட்டியே போய் வந்ததால், கரை அவர்களுக்குத் தெரியும். ஆனால் உள்நாடு?

உள்நாட்டைப் பற்றி ஐரோப்பியர்களுக்கு ரொம்பக் கொஞ்சம்தான் தெரியும். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் தாலமி எழுதியது, அரபுப் புவியியலாளர்கள் எழுதியது, 16-ஆம் நூற்றாண்டில் லியோ ஆப்பிரிக்கானுஸ் எழுதியது, அப்புறம் வியாபாரிகள் சொன்ன கதைகள். இதையெல்லாம் கலந்து உள்நாட்டை நிரப்பிவிட்டார்கள். செபாஸ்டியன் மூன்ஸ்டர் 16-ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட ஆப்பிரிக்க வரைபடத்தில், மேற்குப் பக்கம் ஒற்றைக்கண் மனிதன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். தெற்கே ஒரு பெரிய யானை. ஊரே தெரியாத இடத்தில் யானையைப் போட்டு நிரப்புகிறார்கள் என்று 1733-ல் ஜொனாதன் ஸ்விஃப்ட் ஒரு கவிதையில் கிண்டலே பண்ணியிருக்கார். கல்லிவர் கதை எழுதினாரே, அவரேதான்.

இதில் வியாபாரக் கணக்கும் இருந்தது. வரைபடம் என்பது செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து விற்கும் பொருள். தகடு விலை அதிகம். ஒருத்தர் செதுக்கிய தகட்டை இன்னொருத்தர் வாங்கிப் பேரை மட்டும் மாற்றி மறுபடி அச்சடிப்பார். காசு கொடுத்து வாங்குறவர் நிறைய விவரம் இருக்கும் வரைபடத்தைத்தானே எடுப்பார்? பாதி காலியா இருந்தா, ‘இவருக்கு விஷயம் தெரியலை போல’ என்று பக்கத்துக் கடைக்குப் போயிடுவார். ஆக, தெரியாததைத் தெரிந்த மாதிரி வரைவதற்குச் சந்தையே கூலி கொடுத்தது.

பாரிஸை விட்டுப் போகாத புவியியலாளர்

இந்தச் சந்தைக்குள்தான் ழான் பாப்டிஸ்ட் டான்வில் வருகிறார். 1697-ல் பிறந்தவர். பையனாக இருக்கும்போதே பழைய கிரேக்க நாட்டுக்கு வரைபடம் போட ஆரம்பித்தவர். இருபதுகளிலேயே பிரெஞ்சு அரசரின் புவியியலாளர்களில் ஒருவராக ஆனார். வேடிக்கை என்னன்னா, உலகத்தையே வரைந்த இந்த மனிதர் பாரிஸை விட்டு அதிக தூரம் போனதே இல்லை. மொத்த வேலையும் மேசையில்தான்.

ஆனால் அந்த மேசை சாதாரண மேசை இல்லை. வாழ்நாளில் ஏறக்குறைய 10,000 வரைபடங்களைச் சேர்த்து வைத்திருந்தார். ஒரு பயணி ‘இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு மூணு நாள் நடை’ என்று எழுதியிருந்தால், அந்த நடை எந்த மாதிரி நிலத்தில், எந்த வேகத்தில், அந்த ஊர்க்காரர்களின் தூர அளவை என்ன என்று கணக்குப் போடுவார். பழங்கால, புதுக்கால தூர அளவைகளைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். ஒரே இடத்தைப் பற்றி நாலு பேர் எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒத்துப்போனால் வரைவார். ஆதாரம் போதவில்லை என்றால் வரைய மாட்டார்.

1749-ல் அவருடைய ஆப்பிரிக்க வரைபடம் வெளிவந்தது. இணையத்தில் தேடினா கிடைக்கும், கேட்டு முடிச்சதும் பாருங்க. வடக்கே எகிப்து, மேற்கே செனகல் பகுதி, கிழக்கே எத்தியோப்பியா, கரையோரம் எல்லாம் விவரமாக இருக்கும். கண்டத்தின் நடுவில் பெரும் பகுதி வெறும் தாள். யானை இல்லை, ஒற்றைக்கண் மனிதன் இல்லை. சும்மா வெள்ளை.

அன்றைக்கு அதைப் பார்த்தவருக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதுவரை நிரம்பியிருந்த ஒரு கண்டம் திடீரென்று காலியாகிவிட்டது. நமக்கு அறிவு கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா? வரைபடத்தில் இருந்த பேர்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் அதில் மிச்சம் இருந்த பேர்களை முன்னைவிட அதிகமாக நம்பலாம். என்னைக் கேட்டால், அறிவு கூடியதுதான்.

நம்ம கரைக்கும் வந்தார்

டான்வில்லுக்கு நம்ம பக்கத்தோடும் தொடர்பு உண்டு. அப்போது பிரெஞ்சுக் கிழக்கிந்திய கம்பெனிக்குப் புதுச்சேரிதான் இந்தியத் தலைமையிடம். அந்தக் கம்பெனிக்காக 1752-ல் இந்திய வரைபடம் ஒன்றை வரைந்தார். அடுத்த வருடம் சோழமண்டலக் கரைக்குத் தனியாக ஒரு வரைபடம்.

அந்த 1752 வரைபடத்தில் கரையோரமும், படைகள் நடந்த வழிகளும் விவரமாக இருக்கும். நடுவே கிழக்குப் பக்கமாக ஒரு பெரிய பரப்பில் ஊரும் இல்லை, ஆறும் இல்லை. அதற்குப் பதில் ஒரு குறிப்பு. ‘இது பெரிய நிலப்பரப்பு, இதைப் பற்றிக் குறிப்பான விவரம் எதுவும் கைவசம் இல்லை’ என்ற பொருளில்.

இந்தக் குறிப்பை நல்லா கவனிங்க. ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று அவர் சொல்லவில்லை. நிலம் இருக்கிறது, பெரிதாகவே இருக்கிறது. விவரம்தான் தன்னிடம் இல்லை என்கிறார். குறை நிலத்தில் இல்லை, வரைபவரின் மேசையில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வருவோம்.

இன்னொரு நல்ல பழக்கமும் அவருக்கு இருந்தது. இந்திய வரைபடத்தோடு நிற்காமல், மறு வருடமே அதற்கு விளக்கமாக ஒரு புத்தகம் வெளியிட்டார். எந்த ஊரை எந்த ஆதாரத்தை வைத்து எங்கே வைத்தேன் என்கிற கணக்கு அதில் இருந்தது. அடுத்து வருகிறவர் அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

அப்படித் திருத்திய ஒருவர்தான் ஜேம்ஸ் ரென்னல்.

அளந்து வரைந்தவர், அளக்காமல் வரைந்தது

ரென்னல் 1742-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கடற்படையில் இருந்து வந்து, 1764-ல் வங்காளத்தில் கிழக்கிந்திய கம்பெனிக்கு நில அளவை செய்ய ஆரம்பித்தார். 1767-ல் வங்காளத்தின் சர்வேயர் ஜெனரல். இவர் மேசை ஆள் இல்லை. ஆறு ஆறாக, சாலை சாலையாகப் போய் அளந்தவர். 1766-ல் ஒரு சண்டையில் வாள்வெட்டு வாங்கிச் சாகப் பிழைத்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு 1782-ல் அவர் வெளியிட்ட இந்துஸ்தான் வரைபடம், டான்வில் வரைபடத்தை ரொம்ப தூரம் தாண்டிப் போனது. டான்வில் மேல் அவருக்கு மரியாதையும் இருந்தது. அவ்வளவு குறைந்த ஆதாரத்தை வைத்து இந்த அளவு வரைந்திருக்கிறாரே என்று வியந்து எழுதியிருக்கிறார்.

இப்போ ஆப்பிரிக்காவுக்குத் திரும்புவோம். 1788-ல் லண்டனில் சில பணக்காரர்களும் அறிஞர்களும் சேர்ந்து ஆப்பிரிக்கச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆப்பிரிக்க உள்நாட்டின் வரைபடம் இன்னும் ஒரு பெரிய வெற்றிடமாகத்தான் இருக்கிறது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். பாத்தீங்களா, 40 வருடம் கழித்து அந்த வெள்ளைத் தாள் வேலை செய்கிறது! யானை வரைந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. காலியாக விட்டதால்தான் ‘போய்ப் பார்ப்போம்’ என்ற எண்ணம் வந்தது.

அவர்களுக்கு இருந்த பெரிய புதிர் நைஜர் ஆறு. இது விசித்திரமான ஆறு. அட்லாண்டிக் கடலுக்கு ரொம்பப் பக்கத்திலேயே, இன்றைய கினி நாட்டு மலைகளில் பிறக்கிறது. ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வடகிழக்காகச் சகாராவை நோக்கி உள்நாட்டுக்குள் ஓடுகிறது. டிம்பக்டு பக்கம் போய்த் திரும்பி, தென்கிழக்காக இறங்கி, இன்றைய நைஜீரியாவில் கடலில் கலக்கிறது. ஏறக்குறைய 4,180 கிலோமீட்டர். அன்றைய ஐரோப்பியர்களுக்கு இது எந்தத் திசையில் ஓடுகிறது என்றே தெரியாது. எங்கே முடிகிறது என்றும் தெரியாது.

சங்கம் அனுப்பிய ஆட்களில் சிலர் வழியிலேயே இறந்துபோனார்கள். பிறகு மங்கோ பார்க் என்ற ஸ்காட்லாந்து இளைஞர், படிப்பில் மருத்துவர், 1795-ல் கிளம்பினார். வழியில் சிறைப்பட்டார், எல்லாவற்றையும் இழந்தார், தப்பினார். 1796 ஜூலையில் செகு என்ற ஊரில் நைஜரைப் பார்த்தார். ஆறு கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

அந்தப் பயணத்தில் பார்க் இன்னொன்றையும் எழுதினார். ஒரு மேட்டின் மேல் ஏறிப் பார்த்தபோது, ரொம்ப தூரத்தில் சில மலைகள் தெரிந்தன. அவை கோங் என்ற பெரிய ராஜ்ஜியத்தில் இருக்கின்றன என்று அங்குள்ளவர்கள் சொன்னார்கள். அவ்வளவுதான். தூரத்தில் தெரிந்த மலைகள், ஊர்க்காரர்கள் சொன்ன ஒரு பேர். பார்க் கண்டது அவ்வளவே, எழுதியதும் அவ்வளவே.

பார்க்கின் புத்தகத்துக்கு வரைபடம் வரையும் பொறுப்பு ரென்னலுக்கு வந்தது. ரென்னலிடம் ஏற்கனவே ஒரு கொள்கை இருந்தது. நைஜர் கிழக்கே ஓடி, உள்நாட்டில் ஏரிகளிலும் சதுப்பு நிலங்களிலும் பரவி, வெயிலில் ஆவியாகி முடிந்துவிடுகிறது என்று நம்பினார். அப்படி என்றால் ஒரு கேள்வி வரும்: ஆறு ஏன் தெற்கே திரும்பிக் கடலுக்குப் போகவில்லை? ஏதோ ஒன்று தடுக்கணும். பார்க் பார்த்த தூரத்து மலைகள் கைக்குக் கிடைத்தன. அந்தச் சில மலைகளை ரென்னல் இரண்டு பக்கமும் நீட்டினார். 10 பாகை வட அட்சரேகையை ஒட்டி, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மலைச் சுவர் முளைத்தது.

எனக்கு இந்த இடம்தான் ரொம்பக் கவலையாக இருக்கும். ரென்னல் அரைகுறை ஆள் என்றால் கதை சுலபம். வங்காளத்தில் ஒவ்வொரு ஆற்றையும் போய் அளந்தவர், அளப்பது என்றால் என்ன என்று அந்தத் தலைமுறையில் அவரைவிடத் தெரிந்தவர் குறைவு. அவரேதான் ஆப்பிரிக்காவில் கால் வைக்காமல் ஒரு மலைத்தொடரை வரைந்தார். ஒரு துறையில் நமக்கு இருக்கும் திறமை, பக்கத்தில் இருக்கும் வெற்றிடத்தையும் நிரப்பிடலாம் என்ற தைரியத்தைக் கொடுத்துவிடுகிறது.

காகித மலை தடுத்த ஆறு

சரி, தாளில் ஒரு மலை கூடுதலாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் இருந்தது.

1800-களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் ரைஷார்ட் என்ற புவியியலாளர், நைஜர் தெற்கே திரும்பி கினி வளைகுடாவில் கலக்கிறது என்று சொன்னார். அவரும் மேசையில் உட்கார்ந்து யூகித்ததுதான். ஆனால் யூகம் சரி. அதை மறுத்தவர்களிடம் தயாராக ஒரு பதில் இருந்தது: அப்படி வரணும்னா ஆறு கோங் மலைகளை உடைத்துக்கொண்டு வரணுமே, அது எப்படி முடியும்? இல்லாத மலை, இருக்கிற ஆற்றை வாதத்தில் தடுத்து நிறுத்தியது.

அப்போ ஆறு எங்கேதான் போகிறது? ஒருவேளை இன்னும் தெற்கே இருக்கும் காங்கோ ஆறுதான் நைஜரோ என்று சிலர் நினைத்தார்கள். மங்கோ பார்க்கே இரண்டாவது பயணத்தில் அந்த நம்பிக்கையோடுதான் போனார். 1806-ல் புஸ்ஸா என்ற இடத்தில் இறந்தார். 1816-ல் பிரிட்டிஷ் கடற்படை ஜேம்ஸ் டக்கி என்ற கேப்டனைக் காங்கோ ஆற்றுக்கு அனுப்பியது, நைஜர் இங்கே வந்து சேர்கிறதா என்று பார்க்க. சில மாதங்களுக்குள் டக்கியும், கூடப் போன விஞ்ஞானிகளில் பெரும்பாலானவர்களும், மாலுமிகள் பலரும் இறந்துபோனார்கள். தேடிய இடமே தவறு.

இதில் இன்னொரு விஷயம் இருக்கு. நைஜரின் முகத்துவாரத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் ஏறக்குறைய 300 வருடமாக நங்கூரம் போட்டுக்கொண்டிருந்தன. முதலில் அடிமை வியாபாரத்துக்கு, பிறகு பாமாயிலுக்கு. போனி, பிராஸ் என்று அங்கே இருந்த துறைமுகங்கள் அவர்களுக்கு நல்ல பழக்கம். டெல்டாவில் ஆறு பல கிளைகளாகப் பிரிவதால், ஒவ்வொரு கிளையையும் தனித்தனி ஆறு என்று நினைத்தார்கள். உள்நாட்டிலிருந்து படகில் சரக்கும், விலங்கிட்ட மனிதர்களும் இறங்கி வந்துகொண்டே இருந்தார்கள். அந்தப் படகோட்டிகளுக்கு ஆறு எங்கிருந்து வருகிறது என்று வெகுதூரம் தெரியும்.

1830-ல் ரிச்சர்ட் லாண்டர், ஜான் லாண்டர் என்ற அண்ணன் தம்பி புஸ்ஸாவில் படகேறி ஆற்றோடு இறங்கினார்கள். வழியில் பிடிபட்டார்கள். பிராஸ் ஊரின் வியாபாரத் தலைவர் ஒருவர், கிங் பாய் என்று கப்பல்காரர்கள் அவரைக் கூப்பிடுவார்கள், பணம் கிடைக்கும் என்ற கணக்கில் அவர்களை மீட்டுத் தன் படகில் கடலுக்குக் கொண்டுவந்தார். ‘நைஜரின் முடிவைக் கண்டுபிடித்தவர்கள்’ என்று பாடப்புத்தகத்தில் வரும் அந்த இரண்டு பேரை முகத்துவாரத்தில் கொண்டுபோய் விட்டதே, தினமும் அந்த வழியில் போய் வந்த ஒரு வியாபாரிதான்.

மலை மறைந்த நாள்

ஆறு தெற்கே போய்க் கடலில் கலக்கிறது என்று 1830-ல் தெரிந்துவிட்டது. அப்போ மலை போயிருக்கணும் இல்லையா? போகலை. ஆற்றுக்கு ஒரு வழி விட்டுவிட்டு மலையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1805-லேயே லண்டனில் ஜான் கேரி வெளியிட்ட வரைபடத்தில், கோங் மலைகள் கிழக்கே இருந்த ‘சந்திர மலைகளோடு’ சேர்ந்து கண்டத்தின் குறுக்கே ஒரே சுவராக ஆகிவிட்டிருந்தன. பிறகு போன பயணிகளில் சிலர், வழியில் ஏதாவது குன்றுகளைப் பார்த்தால் இதுதான் கோங் மலைத்தொடரின் ஒரு பகுதி என்று எழுதினார்கள். வரைபடம் சொன்னதைக் கண் பார்த்தது. அந்தப் பயணிகள் எழுதியதை ஆதாரமாக வைத்து அடுத்த வரைபடத்தில் மலை இன்னும் அழுத்தமாக வந்தது.

1887-ல் லூயி குஸ்தாவ் பேன்ழே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி நைஜர் பக்கமிருந்து தெற்கே கிளம்பினார். 1888-ன் தொடக்கத்தில் கோங் ஊரை அடைந்தார். மலைத்தொடர் இல்லை. சமவெளிதான், அங்கங்கே ஒன்றிரண்டு குன்றுகள். 1889 டிசம்பரில் பாரிஸில் புவியியல் சங்கத்தில் இதைச் சொன்னார். அடுத்த சில வருடங்களில் வரைபடங்களில் இருந்து மலை மறைந்தது. முழுசா மறைந்ததா என்றால், 20-ஆம் நூற்றாண்டிலும் ஓரிரு அட்லஸ்களின் பெயர்ப் பட்டியலில் தலைகாட்டியிருக்கிறது.

கோங் என்ற ஊர் மட்டும் நிஜம். இன்றைய ஐவரி கோஸ்ட் நாட்டின் வடக்கில் இருக்கிறது. ஒரு காலத்தில் வியாபாரப் பாதைகள் சந்தித்த ஊர், இஸ்லாமியக் கல்வியின் மையமாக இருந்தது. அங்கே உள்ள மண் மசூதி, அந்தப் பகுதியின் வேறு சில மசூதிகளோடு சேர்த்து 2021-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஐரோப்பிய அட்லஸ்களில் 90 வருடம் இந்த ஊரின் பேர் இருந்தது, பெரும்பாலும் ஒரு பொய் மலைக்கு வைத்த பேராக.

வெற்றிடத்தின் இன்னொரு பக்கம்

இதோட நிறுத்தினா ‘தெரியாதுன்னு சொல்றவர் நல்லவர், நிரப்புறவர் கெட்டவர்’ என்று ஒரு நீதிக்கதை கிடைக்கும். வரலாறு அப்படி முடியவில்லை.

டான்வில் விட்ட வெள்ளை நிறத்தை வேறு மாதிரிப் படிக்கவும் ஆள் இருந்தார்கள். 1884 நவம்பர் 15 அன்று பெர்லினில் ஒரு மாநாடு தொடங்கியது. 14 நாடுகள் உட்கார்ந்து, ஆப்பிரிக்காவில் யார் எந்த விதிப்படி இடம் பிடிப்பது என்று பேசின. ஆப்பிரிக்கர் ஒருவர்கூட மேசையில் இல்லை. அடுத்த 30 வருடத்தில், எத்தியோப்பியாவும் லைபீரியாவும் தவிர, ஏறக்குறைய மொத்தக் கண்டமும் பங்கு போடப்பட்டது. காங்கோ பெல்ஜியம் அரசர் லியோபோல்டின் சொந்தச் சொத்து மாதிரி ஆனது. ரப்பருக்காக அங்கே நடந்த கொடுமைகளில் பல லட்சம் பேர் செத்தார்கள்.

ஒரு வரைபடத்தால்தான் இதெல்லாம் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். பேராசைக்கு வரைபடம் தேவையில்லை. ஆனால் வரைபடத்தில் காலியாக இருந்த இடம், ஆள் இல்லாத, சொந்தக்காரர் இல்லாத நிலம் என்ற எண்ணத்துக்கு வசதியாக இருந்தது. ‘எங்களுக்குத் தெரியாது’ என்பது, நூறு சொச்சம் வருடத்தில் ‘அங்கே ஒன்றும் இல்லை’ என்று ஆகிவிட்டது. முன்னாடி மனசுல வெச்சுக்கச் சொன்ன வித்தியாசம் இதுதான்.

டான்வில் மேலும் ஒரு கேள்வி கேட்கலாம். அந்த வெள்ளைக்குள் வாழ்ந்தவர்களுக்கு அவரவர் இடம் நன்றாகத் தெரியும். கோங் ஊர் வியாபாரிக்குப் பாதை தெரியும், டெல்டாப் படகோட்டிக்கு ஆறு தெரியும். அது பாரிஸ் மேசைக்கு வரவில்லை. ஆகவே அந்த வெள்ளை ஆப்பிரிக்காவின் படம் இல்லை, பாரிஸுக்குத் தெரிந்ததின் எல்லை. இந்திய வரைபடத்தில் அதை ஒரு வரியில் எழுதி வைத்தார். எழுதாமல் விட்ட இடத்தில், படிக்கிறவர் தனக்குப் பிடித்ததை எழுதிக்கொண்டார்.

நமக்கு இதில் என்ன?

நம்ம வளர்ந்த முறையில் ‘தெரியாது’ என்ற வார்த்தைக்கு நல்ல பேர் கிடையாது. வகுப்பில் சொன்னா உட்கார விடமாட்டாங்க. பரீட்சையில் விடை தெரியலைன்னாலும் ஏதாவது எழுதி வை, ரெண்டு மார்க்காவது கிடைக்கும் என்பார்கள். வைவாவில் சமாளி, இன்டர்வியூவில் சமாளி. ஆபீஸ் மீட்டிங்கில் மேலதிகாரி ஒரு நம்பர் கேட்டா, ஏதோ ஒரு நம்பரைச் சொல்லிடுவோம். அந்த நம்பர் அடுத்த வாரம் ஒரு ஸ்லைடில் ஏறும், அடுத்த மாசம் ஒரு முடிவாக மாறும். யார் சொன்னது என்று அப்போது யாருக்கும் நினைவிருக்காது. அதுவும் ஒரு கோங் மலைதான். இப்போ நாம கேள்வி கேட்கிற ஏஐ மென்பொருள்களும், தெரியாத இடத்தை அதே உறுதியான குரலில் நிரப்பிக் கொடுப்பதைப் பார்க்கிறோம்.

இந்தக் கதையில் இருந்து நான் எடுத்துக்கொள்வது, ‘தெரியாது’ என்பதை எப்படிச் சொல்வது என்பதைத்தான். வெறும் ‘தெரியாது’ என்று கையை விரித்துவிட்டுப் போனால், அந்தக் காலி இடத்தில் யாராவது மலை வரைவார்கள், இல்லை கொடி நடுவார்கள். டான்வில் அவருடைய நல்ல வேலைகளில் மூன்று விஷயம் சேர்த்துச் செய்தார். எது வரைக்கும் தெரியும் என்று கோடு போட்டார். அது எப்படித் தெரியும் என்று கணக்குக் கொடுத்தார். அதற்கு அப்பால் நிலம் இருக்கிறது, என்னிடம்தான் விவரம் இல்லை என்று எழுதினார். அவர் செய்யாமல் விட்ட நாலாவது ஒன்று இருக்கு: இது யாருக்குத் தெரியும் என்று சொல்வது. கோங் ஊரிலும் பிராஸ் துறையிலும் இருந்தவர்களைப் பொறுமையாகக் கேட்டிருந்தால், ஒரு ஆற்றின் கதை எவ்வளவோ சீக்கிரம் முடிந்திருக்கும். கூட எத்தனையோ உயிர் மிஞ்சியிருக்கும்.

‘இதுவரைக்கும் எனக்குத் தெரியும், இப்படித் தெரியும், இதுக்கு மேல எனக்குத் தெரியாது, இவங்களைக் கேளுங்க.’ நாலே துண்டு. அடுத்த மீட்டிங்கில் ஒரு தடவை சொல்லிப் பாருங்க. கேக்குறவங்களுக்குக் கோபம் வரலாம். ஆனா நீங்க கொடுத்த வரைபடத்தை நம்பி யாரும் தவறான ஆற்றில் போக மாட்டாங்க.

1749 வரைபடத்தையும் 1805-ல் ஜான் கேரி வரைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. எதில் விவரம் அதிகம், எதை நம்பலாம் என்று உங்களுக்குத் தோன்றுவதை எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.